சூழலும் விண்மீன் திரள்களும்: விளக்கும்போது நேரும் பிழைகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுடன் வானியல் பேசும்போதெல்லாம், மற்றத் திரள்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் உள்ள, பால்வீதி போன்ற ஒரு விண்மீன் திரள் வளருமா, குன்றுமா என்ற கேள்வி தவறாமல் வருகிறது. பிழை அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. "வளர்ச்சி" என்ற ஒரே சொல்லுக்குள் திணிவு, ஆரை, புதிய விண்மீன்கள் பிறக்கும் வேகம் என மூன்று அளவுகளை அடைத்துவிடுகிறோம். சூழலோ இவற்றை ஒரே பக்கமாகத் தள்ளுவதில்லை.

ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து சுமார் 30 இலட்சம் திரள்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, நெருக்கமான சூழலில் உள்ளவை தனித்திருப்பவற்றைவிட ஆரையில் 25 சதவீதம் வரை பெரியவையாக இருக்கலாம் என்று காட்டியது. ஒத்த திணிவும் ஒத்த வடிவமும் கொண்டவற்றை ஒப்பிட்டே இம்முடிவு பெறப்பட்டது என்பதை விட்டுவிட்டுச் சொன்னால், ஆய்வின் உயிரே போய்விடும். ஏன் பெரியவை என்பதற்கு இன்னும் ஒருமித்த விடை இல்லை. ஆரை பெரிதென்பதால் அங்கே விண்மீன்கள் அதிகம் பிறக்கின்றன என்று எழுதுவதும் தவறு. பல நூறு திரள்கள் ஈர்ப்பால் ஒன்றுகூடியிருக்கும் பெரும் கொத்துகளில் அந்தப் பிறப்பு பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது.

அது குறைவதற்கான ஒரு காரணத்தை 1972இல் கன், காட் ஆகிய வானியலாளர் இருவர் விளக்கினர். கொத்தின் இடைவெளியை, பல கோடி பாகை வெப்பமுள்ள ஐதான வாயு நிரப்பியிருக்கிறது. அந்த வாயு காற்றாக வீசித் திரளைத் தாக்குகிறது என்று மாணவர் பலர் எழுதுகிறார்கள். காற்றே அசையாத நாளில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை விரைந்து ஓட்டினாலும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? அங்கும் ஓடுவது திரள்தான். செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் ஓடும்போது, அதனுள் இருக்கும் குளிர்ந்த வாயு பின்னோக்கி உரிக்கப்படுகிறது. விண்மீன்கள் செறிவானவை ஆதலால் அவை அப்படி உரிக்கப்படுவதில்லை; எனவே "திரள் சிதைகிறது" என்று எழுதக்கூடாது. கன்னிக் கொத்திலுள்ள என்.ஜி.சி. 4402 என்ற திரள் இவ்வாறு வாயுவை இழந்துகொண்டிருக்கிறது. சித்திரை மாத நடுவில், இரவு 11 மணியளவில், கடற்கரையில் நின்று உத்தர நட்சத்திரத்திலிருந்து (சிம்ம ராசியின் வாலிலுள்ள டெனெபோலா) கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முட்டி அகலம் தள்ளிப் பாருங்கள்; வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்தத் திசையில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அக்கொத்து இருக்கிறது.

எல்லாப் பழியையும் சூழல் மீதே போடுவதும் தவறு. 55 கொத்துகளை ஆராய்ந்த வானியலாளர் டிரெஸ்லர், நெருக்கம் கூடும் இடத்தில், விண்மீன் பிறப்பு பெரும்பாலும் நின்றுபோன நீள்வட்டத் திரள்களின் பங்கும் கூடுகிறது என்று 1980இல் காட்டியது உண்மையே. ஆயினும் திணிவு மிகுந்த திரள்கள் தனித்திருக்கும்போதும் விண்மீன் பிறப்பை நிறுத்திவிடுவதுண்டு.

கொத்தில் நெருக்கம் அதிகம், ஆகவே திரள்கள் அங்கேதான் அதிகம் ஒன்றிணையும் என்ற ஊகமும் பொருந்தாது. அங்குள்ள வேகத்தில் அவை ஒன்றையொன்று கடந்து போய்விடுகின்றன. இணைவதற்கு மெதுவான சந்திப்பு வேண்டும்; அது பால்வீதியும் அதன் அயல் திரளான அந்திரொமேடாவும் இருப்பது போன்ற சிறு குழுக்களிலேயே எளிதில் வாய்க்கிறது. ஒரு கொத்தில் இன்று காணும் திரள்களில் பல, அத்தகைய குழுக்களில் முன்னரே மாற்றமடைந்து பின்னர் உள்ளே விழுந்தவை.