சாம்பா சர்வரில் ஒரே ஒரு வரி

ஆபீஸில் விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள் ஓடுகிறதா? ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனியாக ஒரு ப்ராசஸைத் தொடங்கும். எத்தனை வரை என்பதற்கு இயல்பாக உச்சவரம்பே கிடையாது. இதுதான் ஓட்டை. 2017-இல் வெளியான 'எஸ்எம்பி லோரிஸ்' தாக்குதல் இந்த வகைதான் (எஸ்எம்பி என்பது ஃபைல் பகிர சாம்பாவும் விண்டோஸும் பேசும் நெறிமுறை). வெறும் 4 பைட் அனுப்பினால் போதும், சர்வர் 128 கேபி வரை நினைவகத்தை ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கும். ஒரே ஐபியிலிருந்து 65,535 இணைப்பு என்றால் 8 ஜிபி காலி! பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. விண்டோஸ் சர்வரும் இதற்குத் தப்பவில்லை.

சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில், குளோபல் பகுதியில், 'மேக்ஸ் எஸ்எம்பிடி ப்ராசஸஸ்' (max smbd processes) என்ற வரியைச் சேர்த்து 1000 என்று கொடுங்கள், அதற்கு மேல் ப்ராசஸ் தொடங்காது. 40 கணினி உள்ள இடத்துக்கு 200-ஏ தாராளம். கான்ஃபிக்கில் பிழை இருக்கிறதா என்று 'டெஸ்ட்பார்ம்' (testparm) கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், சாப்பாட்டு இடைவேளையில். இல்லாவிட்டால் ஃபைல் திறந்து வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் வரம்பை ஒருவனே நிரப்பிவிட்டால் மற்றவர்கள் வெளியேதான் நிற்கவேண்டும். அதனால் ஃபயர்வாலில் ஒரு ஐபிக்கு இத்தனை இணைப்பு என்றும் கட்டுப்படுத்துங்கள். எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் வழியாக வரட்டும்.