பஞ்ச் பேக்ல மண்ண அள்ளிப் போடாதீங்க மக்கா: துணி அடைச்சு மாட்டுற வழி

ஆன்லைன்ல வாங்குற பஞ்ச் பேக், அதான் பாக்சிங் பழக தொங்கவிட்டு குத்துற பை, முக்காவாசி வெறும் கூடாத்தான் வருது, நிரப்புறது நம்ம பாடு. பார்சலப் பிரிச்ச உடனே பயலுவளுக்கு மொதல்ல தோணுறது மணல்தான், தெருவுல எங்கயாவது வீடு கட்டுற எடத்துல எம்-சாண்ட் குவிஞ்சு கெடக்கும்லா, நாலு சட்டி அள்ளிப் போட்டா சோலி முடிஞ்சுதுன்னு நெனப்பானுவ. கணக்கு போட்டுப் பாருங்க, 4 அடி உயரம் 12 இஞ்ச் அகலம் உள்ள பை கிட்டத்தட்ட 90 லிட்டர் கொள்ளும், காஞ்ச மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல நிக்கும், முழுசா நெறச்சா 140 கிலோ பக்கம் வந்துரும். அத மாட்டுறது எங்கன? சரி பாதி மணல் பாதி துணின்னு போட்டாலும், குத்தக் குத்த மணல் கீழ எறங்கி அடிப்பக்கம் கல்லாட்டம் ஆயிரும், மேல தொளதொளன்னு கெடக்கும். அந்தக் கல்லுல ஒரு பாடி ஷாட், அதான் வயித்துக்குக் குத்துற குத்து, போட்டா மணிக்கட்டு போச்சு.

மரத்தூளும் சரிப்படாது, காத்துல இருக்க ஈரத்த இழுத்துக் கட்டி தட்டிரும். உமி நொறுங்கித் தூசியா எறங்கும். எலவம்பஞ்சு தலவாணிக்குத்தான் லாயக்கு, கை நேரா உள்ள போயிரும். பழைய துணிதான் சரி, வேற யோசிக்கவே வேண்டாம்.

துணிக்கு காசு செலவழிக்கணும்னு இல்ல. நம்ம திருநெல்வேலி டவுன்லயும் மேலப்பாளையத்துலயும் தையல் கடைக்கா பஞ்சம், வெட்டுத்துணிய சாக்குல கட்டி ஓரமாப் போட்டிருப்பாவ, அண்ணாச்சின்னு மரியாதையா கேட்டா சும்மாவே தூக்கிட்டுப் போன்னு சொல்லிருவாவ, அதுவும் தீபாவளிக்கு முன்னால போனா மூட்ட மூட்டயா கெடக்கும். பத்தலன்னா ஒர்க்‌ஷாப்ல கை தொடைக்க வாங்குவாவல்லா பனியன் வேஸ்ட், அது கிலோ கணக்குல கெடைக்கும். வீட்டுல அம்மாட்ட கேக்காம சேலையில கை வைக்காதீங்க, அது தனி சண்டையாப் போயிரும்.

துணியில இருக்க ஜிப்பு, பட்டன், கொக்கி எல்லாத்தையும் வெட்டி எடுத்துருங்க. ஜீன்ஸ்னா அந்த செம்புக் குமிழும் போகணும், ஒண்ணு உள்ள இருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் ரெக்சினக் கிழிச்சுட்டு வெளிய வரும், இல்ல உங்க கை முட்டிய பதம் பாக்கும். பெரிய துணிய உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கிடுங்க, நீளமா விட்டா சுருண்டு உருண்டையா நிக்கும், அந்த எடம் மட்டும் கெட்டியாயிரும். தொவச்ச துணின்னா நம்ம ஊரு வெயில்ல நல்லா காய வச்சுட்டு போடுங்க, லேசா ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிச்சு நாறும், பெறகு மொத்தத்தையும் கொட்டித்தான் அள்ளணும். நாலு பாச்சா உருண்டைய துணியில முடிஞ்சு உள்ள போடுறது நல்லது.

இனி அடைக்குற வேல, இங்கதான் பொறுமை வேணும். மொதல்ல ஒரு பழைய போர்வையவோ யோகா மேட்டயோ பைக்குள்ள சுத்துச் சுவரோட ஒட்டினாப்ல உருட்டி விடுங்க, அடியிலயும் வட்டமா மடிச்சு வைங்க. இப்பிடி செஞ்சா வெளிப்பக்கம் மேடு பள்ளம் தட்டாது. பெறகு ஒரு சாண் ஒயரத்துக்கு துணியப் போட்டு ஒலக்கைய வச்சு இடிக்கணும். ஒலக்கையில பூண் இருக்கும் பாருங்க, அது பையக் கிழிச்சிரும், அதனால அந்த முனையில துணிய சுத்திக் கட்டிட்டு இடிங்க. ஒரு ஆளு வாயப் பிடிச்சுக்கிடட்டும், இன்னொரு ஆளு ஸ்டூல்ல ஏறி நின்னு இடிக்கட்டும், நடுவுல மட்டும் இடிக்காம ஓரத்தச் சுத்தி இடிக்கணும், ஓரந்தான் எப்பவும் தொய்யும். இடிச்சு முடிச்சா அந்த ஒரு சாண் பாதிக்கும் கொறவா அமுங்கும், மறுபடி ஒரு சாண் போடு, மறுபடி இடி. நாலு சாக்குத் துணி ஒரு பைக்குள்ள எப்பிடி போச்சுன்னே தெரியாது. அவசரப்பட்டு மேலால அமுக்கி ஜிப்ப இழுத்தீங்கன்னா ஒரு மாசத்துல பாதிப் பை வெறும் பையா நிக்கும்.

நல்லா இடிச்ச 12 இஞ்ச் பை 25லேர்ந்து 30 கிலோ வரும். உங்க எடையில பாதி இருந்தா போதும்னு ஒரு கணக்கு சொல்லுவாவ, அதுக்கு இது தோதா இருக்கும். எடை கூட வேணும்னா மட்டும் மணல், அதுவும் சும்மா கொட்டாம, ரெண்டு ரெண்டு கிலோவா கெட்டியான கவர்ல ரெட்டயா போட்டு டேப் சுத்தி, மேல துணியும் சுத்தி பைக்கு நட்டநடுவுல அங்கங்க வைங்க. ஓரத்துலயும் அடியிலயும் ஆவவே ஆவாது.

மாட்டுற எடம். ஃபேன் கொக்கியில மாட்டலாமான்னு எல்லாரும் கேக்காவ. ஃபேன் எடை நாலஞ்சு கிலோ, அது பாட்டுக்கு சுத்தும், இது 30 கிலோ வச்சு முன்னும் பின்னும் இழுத்து ஆட்டும், தளத்துல எந்தக் கம்பியில எப்பிடி மாட்டியிருக்காவன்னு தெரியாம அதுல தொங்க விடுறது வம்பு. கான்கிரீட் பீம் இருந்தா அதுல நாலு ஆங்கர் போல்ட் போட்ட பிளேட் அடிச்சு மாட்டுறதுதான் ஒழுங்கு, ஹேமர் டிரில் வச்சிருக்க கொத்தனாரயோ எலக்ட்ரீஷியனயோ கூப்பிட்டா வெரசா முடிச்சிருவாரு. பழைய மட்டப்பா வீட்டுல தார்சாவுல தேக்கு உத்திரம் இருக்கும், கரையான் அரிக்காததா பாத்து சங்கிலிய உத்திரத்தச் சுத்திப் போட்டு மாட்டலாம், ஆணி ஸ்க்ரூ எல்லாம் வேண்டாம். தகரக் கொட்டகை பைப்புல மாட்டுறேன்னு கெளம்பாதீங்க, மொத்தக் கொட்டகையும் ஆடும்.

புறவாசல்ல வேப்பமரம் இருந்தா தொடைத்தண்டி கெளையா பாத்து, சங்கிலி படுற எடத்துல பழைய டயர் டியூப சுத்திட்டு மாட்டுங்க. முருங்கையப் பத்தி சொல்லவே வேண்டாம். மரத்துல மாட்டுனா அடிச்சு முடிச்சதும் கழட்டி உள்ள வைக்கணும், வெயில்ல ரெக்சின் வெடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில நனஞ்சா துணி காயவே காயாது.

பையோட மேல்முனை உங்க தலைக்கு ஒரு நாலு விரக்கட மேல இருக்கட்டும், நடுப்பகுதி நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ வரும், தலைக்கும் வயித்துக்கும் ரெண்டுக்கும் குத்த தோதுப்படும். தளம் 10 அடின்னா சங்கிலி நாலடி வரும், சங்கிலி நீளமானா ஆட்டமும் கூடும், அதுக்கு பையோட அடியில இருக்க வளையத்துல கயிறு கட்டி ஒரு பழைய டயர்ல பிணைச்சு விடுங்க. சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவுல ஒரு சுழலி (ஸ்விவல்) போட்டா சங்கிலி முறுக்காது. சுத்தி நாலடி காலியா இருக்கணும், டிவி பக்கத்துல மாட்டிட்டு பெறகு அழாதீங்க.

மாட்டுன அன்னைக்கே வெறுங்கையோட குத்தாதீங்க. 180 இஞ்ச் கைக்கட்டு, அதான் கையில சுத்துற துணிப் பட்டை, அதுக்கு மேல 12 இல்ல 14 அவுன்ஸ் கிளவுஸ், ஆள்காட்டி விரல் நடுவிரல் முட்டி ரெண்டும் மொதல்ல படுறமாதிரி பைய குத்திப் பாருங்க. சுண்டுவிரல் பக்கம் பட்டா அந்த எலும்புதான் சட்டுன்னு ஒடியும். மேல, நடுவுல, கீழ மூணு எடத்துலயும் ஒண்ணுபோல கெட்டியா இருக்கான்னு கையால அமுக்கியும் பாத்துக்கிடுங்க. ரெண்டு மூணு வாரத்துல துணி எப்பிடியும் நாலு விரக்கட எறங்கும், எல்லாப் பையும் எறங்கத்தான் செய்யும், அதுக்கு மிச்சத் துணிய ஒரு சாக்குல எடுத்து வச்சிருந்து ஜிப்பத் தொறந்து போட்டு மறுபடி இடிச்சு மூடிருங்க.