கேஸ் கீசரின் டயாபிரத்தை மாற்றும் முறை

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஆனால் தீப்பொறியின் ‘டிக் டிக்’ சத்தம் கேட்பதில்லை, பர்னரும் பற்றுவதில்லை. உடனுக்குடன் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் கீசர்களில் அடிக்கடி நேரும் கோளாறு இது. முதலில் பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள், தண்ணீர் போதிய வேகத்தில் வருகிறதா என்று கவனியுங்கள், தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வலை வடிகட்டியைக் கழுவுங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் பற்றவில்லை என்றால்தான் தண்ணீர் வால்வுக்குள் இருக்கும் டயாபிரத்தை, அதாவது வளையக்கூடிய மெல்லிய ரப்பர் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீர் ஓடும்போது டயாபிரத்தின் இரு பக்கங்களிலும் அழுத்தம் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டால் ரப்பர் ஒரு பக்கமாக உப்பி, தன்னை ஒட்டி நிற்கும் தட்டையும் அதன் நடுவிலுள்ள ஊசியையும் தள்ளுகிறது. ஊசியின் அசைவு கேஸ் வால்வைத் திறப்பதோடு தீப்பொறியைத் தொடங்கிவைக்கும் மைக்ரோ ஸ்விட்ச் என்ற சிறு ஸ்விட்சையும் இயக்குகிறது. ரப்பர் கிழிந்தாலோ விறைத்துப்போனாலோ ஊசி அசையாது. ஊசி அசையாவிட்டால் தீப்பொறியும் இல்லை, கேஸும் இல்லை.

இந்த வேலையில் நீங்கள் தொட வேண்டியது தண்ணீர் பாயும், டயாபிரம் அமைந்துள்ள தண்ணீர்ப் பகுதியை மட்டுமே. கேஸ் வால்வு, சோலினாய்டு (மின்சாரத்தால் கேஸைத் திறந்து மூடும் வால்வு), ஜெட் (கேஸ் வெளிவரும் சிறு துளை), பர்னர் ஆகியவற்றைத் தகுதி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சில மாடல்களில் தண்ணீர்ப் பகுதியைத் தனியாகப் பிரிக்க முடியாது. கேஸ் இணைப்பையும் அவிழ்த்தாக வேண்டிய அமைப்பாக இருந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரையோ கேஸ் குழாயின் வால்வையோ மூடுங்கள். கீசருக்கு வரும் தண்ணீர் வால்வையும் அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். குமிழ்களை இழுத்தெடுத்து, மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை மெல்ல விலக்குங்கள்; குமிழ்களோடோ திரையோடோ இணைந்த வயர்கள் அதில் ஒட்டி வரக்கூடும். எந்த வயர் எங்கே செல்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பொறி தரும் கம்பியும் தீயை உணரும் கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் இந்தப் படம் பின்னர் மிகவும் பயன்படும்.

கேஸ் மூடியிருக்கும் இந்த நிலையில், பேட்டரிகளைக் கழற்றுவதற்கு முன், மைக்ரோ ஸ்விட்சின் நாக்கை விரலால் அசைத்துப் பாருங்கள். தீப்பொறிக் கம்பியின் அருகே கை போகக் கூடாது. நாக்கை அசைத்ததும் பொறி வந்தால் ஸ்விட்சும் சர்க்யூட்டும் நன்றாக உள்ளன, பழுது டயாபிரம் பக்கம்தான் என்று கொள்ளலாம். பொறி வராவிட்டால் டயாபிரத்தை வாங்கிப் பயனில்லை. இந்தச் சோதனையைப் பலரும் தவிர்த்துவிட்டு வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள்.

பின்னர் பேட்டரிகளை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பகுதியின் இரு பக்க இணைப்பு நட்டுகளையும் ஸ்பேனரால் அவிழ்த்து, அதைக் கேஸ் பகுதியோடு பிணைக்கும் ஸ்குரூக்களைக் கழற்றி வெளியே எடுங்கள். டயாபிரம் இருக்கும் கூட்டின் ஸ்குரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கூட்டைத் திறந்ததும் ரப்பர் எந்தப் பக்கம் மேலாக இருக்கிறது, அதிலுள்ள சிறு துளை கூட்டின் எந்தத் துவாரத்தோடு பொருந்துகிறது என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். துளை இடம் மாறிப் பொருத்தப்பட்டால் புதிய டயாபிரமும் வேலை செய்யாது. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், விட்டத்தையும் துளையின் இடத்தையும் ஒப்பிட்டு வாங்குவதே சரி. கூட்டின் உட்புறம் அரித்துக் குழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றுவது நிலைக்காது. தண்ணீர்ப் பகுதி முழுவதையும் மாற்றுங்கள்.

உள்ளே படிந்த உப்பை நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கத்தியால் சுரண்டினால் ரப்பர் அமரும் விளிம்பு கீறிப்போகும். ஊசி தடையின்றி மேலும் கீழும் நகர வேண்டும். தேவைப்பட்டால் அதற்குச் சிலிக்கான் கிரீஸை மட்டும் சிறிது தடவுங்கள்; பெட்ரோலியம் சார்ந்த கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். ஸ்குரூக்களை மீண்டும் எதிரெதிராகவே முடுக்கி, இணைப்புகளின் வாஷர்களைப் புதிதாகப் போட்டு, தண்ணீர்ப் பகுதியை அதன் இடத்தில் பூட்டுங்கள்.

சோதனையை மூன்று படிகளாகச் செய்யுங்கள். கேஸும் பேட்டரியும் இல்லாமல் தண்ணீரை மட்டும் விட்டுக் கசிவு பாருங்கள். அடுத்து பேட்டரிகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தால் பொறி வர வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். அதன் பிறகே கேஸைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த மின் ஸ்விட்சையும் தொடாமல் கேஸை மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தங்கி நிற்கும்.

மூடியை மாட்டிய பின் முதல்முறை பற்றவைக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ கீசரைப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் அப்போது உருவாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கடைசியாகத் தண்ணீரை மூடி, பர்னர் உடனே அணைகிறதா என்று பலமுறை பாருங்கள். ஒரு முறை அணையத் தாமதித்தாலும் ஊசி சிக்குகிறது என்று பொருள். கேஸை மூடிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.