கியர் இல்லாத சைக்கிள்ல செயின் ரொம்ப டைட்டா இருந்தா என்ன பண்ணணும்

செயின் லூஸா இருந்தா கழண்டுடும்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலயே எவ்வளவு இழுத்து வைக்கிறோமோ அவ்வளவு நல்லதுன்னு நெறைய பேர் நெனச்சுக்கிறாங்க. கடையில கூட சில பேர் வீணைத் தந்தி மாதிரி இழுத்து கட்டி குடுத்துடுவாங்க, கேட்டா ஓட ஓட லூஸ் ஆயிடும் சார்ம்பாங்க. லூஸ் ஆகுறது உண்மைதான், ஆனா அதுவரைக்கும் தேயுறது செயின் மட்டும் இல்ல, பின் வீல் பேரிங், கிராங் (பெடல் மாட்டியிருக்குற கை) சுத்துற நடு அச்சோட பேரிங், ஃப்ரீவீல் (பின் வீல்ல இருக்குற பல்சக்கரம்) எல்லாம் சேந்து தேயும், நீங்களும் சும்மா கெடந்து மிதிச்சிட்டே இருக்கணும். கியர் சைக்கிள்ல பின்னாடி தொங்குற ஸ்பிரிங் செயினை தானா இழுத்துக்கும் விட்டுக்கும். நம்மளதுல அந்த ஸ்பிரிங் கிடையாது, பின் வீல் ஆக்ஸில் (வீல் சுத்துற அச்சுக் கம்பி) எங்க நிக்குதோ அதுதான் டைட்டா லூஸான்னு முடிவு பண்ணுது.

டைட்தானான்னு மொதல்ல பாத்துக்கோங்க. சென்டர் ஸ்டாண்டு போடுங்க, இல்லன்னா சைக்கிளை தலைகீழா நிறுத்துங்க. பெடலை பின்பக்கமா ஒரு தள்ளு தள்ளி விட்டா நல்ல செயின்னா கொஞ்ச நேரம் சுத்தி நிக்கும், டைட்டா இருந்தா கொர்ருன்னு ஒரு சத்தத்தோட பொசுக்குன்னு நின்னுடும். அப்புறம் முன் பல்சக்கரத்துக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவுல செயினை வெரலால மேலயும் கீழயும் அழுத்திப் பாருங்க, மொத்த ஆட்டம் சுமாரா அரை இன்ச் இருக்கணும். செயின் கவர் முழுசா மூடின சைக்கிள்னா பின்பக்க துண்டை ஸ்க்ரூ கழட்டி எடுத்தாதான் கை போகும். பெடல் சுத்தும்போது மட்டும் வெரலை செயின் பக்கம் கொண்டு போகாதீங்க, செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல மாட்டுனா வெரல் போயிடும், சும்மா சொல்லல.

இங்கதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறது. ஒரே எடத்துல அழுத்திப் பாத்துட்டு சரியா இருக்குன்னு விட்டுடுவாங்க. எந்த சைக்கிள்லயும் முன் பல்சக்கரம் நூத்துக்கு நூறு வட்டமா இருக்காது, அதனால பெடல் ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஒரு எடத்துல செயின் லூஸாவும் இன்னொரு எடத்துல டைட்டாவும் வரும். கொஞ்சம் சுத்துறது, நிறுத்துறது, அழுத்துறது, இப்படியே ஒரு முழு சுத்து பாருங்க. ரொம்ப டைட்டா வர்ற எடத்துல பல்சக்கரத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கோங்க. இனிமே எல்லா அளவும் அந்த கோட்டு எடத்துலதான் பாக்கணும், அங்க லேசா ஆட்டம் இருந்தா மத்த எடத்துல கண்டிப்பா இருக்கும். லூஸுக்கும் டைட்டுக்கும் ரொம்ப வித்தியாசம் தெரிஞ்சா பல்சக்கரம் வளைஞ்சிருக்கலாம், இல்ல நடு அச்சு ஆட்டம் குடுக்கலாம், கிராங்கைப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கடகடன்னா அதை சரி பண்ணாம செயினை மட்டும் சரி பண்ணி புண்ணியம் இல்ல.

இன்னொண்ணு, மழையில நனைஞ்சு துரு புடிச்ச செயின்ல ஒண்ணு ரெண்டு லிங்க் மடங்காம வெறைச்சு நிக்கும், மிதிக்கும்போது அதுவும் டைட் செயின் மாதிரியேதான் இருக்கும். ஃப்ரீவீலை விட்டு வெளிய வரும்போது எந்த லிங்க் நேராகாம மடிஞ்சே வருதுன்னு பாத்து, அதுல எண்ணெய் விட்டு பக்கவாட்டுல லேசா வளைச்சு வளைச்சு விட்டா பெரும்பாலும் சரியாயிடும்.

சரி, இப்ப லூஸ் பண்றது. பின் வீல் ரெண்டு பக்க நட்டும் பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர்தான், பழைய வண்டியில மாறும். ரிங் ஸ்பேனர் வச்சுக்கோங்க, கட்டிங் பிளேயரால திருகி நட்டு மூலையை மழுக்கிடாதீங்க. நட்டை முழுசா கழட்டத் தேவையே இல்ல, வீல் நகர்ற அளவுக்கு லூஸ் பண்ணா போதும், ஏன்னா நம்ம ஊரு பெரிய சைக்கிள்ல மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் அதே ஆக்ஸில்லதான் கோத்திருக்கும், கழட்டுனா திரும்ப வரிசையா மாட்டுறதுக்குள்ள பொழுது போயிடும். செயின் அட்ஜஸ்டர் (ஆக்ஸிலை பின்னாடி இழுத்துப் புடிக்கிற சின்ன போல்ட்) இருந்தா அந்த சின்ன நட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அரை சுத்துன்னா ரெண்டுலயும் அரை சுத்து, லூஸ் பண்ணுங்க. அப்புறம் டயரை உள்ளங்கையால பெடல் பக்கமா தள்ளுங்க. ஒரு நூல் ரெண்டு நூல் (ஒரு நூல்னா 1/8 இன்ச்) நகந்தாலே செயின்ல நல்லா வித்தியாசம் தெரியும், அதனால மெதுவா.

டைட் பண்றதுலதான் சூட்சுமம் இருக்கு. நட்டு திரும்பும்போது ஆக்ஸிலையும் சேத்து இழுத்துட்டு போகும், நீங்க அழகா அரை இன்ச் வச்சு ஒரு பக்கத்தை முழுசா முறுக்கினா பாக்கும்போது செயின் பழையபடி கம்பி மாதிரி நிக்கும். அதனால செயின் பக்க நட்டை பாதி முறுக்கி, டயர் ரெண்டு ஃபோர்க் கம்பிக்கும் நடுவுல வர்ற மாதிரி வச்சு அந்தப் பக்க நட்டை பாதி முறுக்கி, திரும்ப இந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி போங்க. முழுசா டைட் ஆனப்புறம் சாக்பீஸ் கோட்டுல மறுபடி அழுத்திப் பாருங்க, அந்த அளவுதான் கணக்கு.

வீல் முன்னாடி வந்ததால பிரேக்கையும் பாக்கணும். ராடு பிரேக்னா பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும், திரும்ப செட் பண்ணுங்க. சைடுல புடிக்கிற பிரேக்னா கட்டை டயர்ல ஒரசாம ரிம்ல மட்டும் படணும். டயர் மட்கார்டுல ஒரசுதான்னும் ஒரு சுத்து விட்டுப் பாத்துடுங்க.

ஆக்ஸில் முன்னாடி முட்டி நின்னப்புறமும் டைட்டாவே இருந்தா செயின் நீளம் பத்தல, லிங்க் சேக்கணும். ஒரு முழு லிங்க் 1 இன்ச், அதை சேத்தா ஆக்ஸில் சுமார் அரை இன்ச் பின்னாடி போகும். அது ஜாஸ்தின்னா ஆஃப் லிங்க் (பாதி லிங்க்) கேட்டு வாங்குங்க, ஆக்ஸில் கால் இன்ச்தான் மாறும். கியர் சைக்கிள் செயின்ல இருந்து வெட்டின துண்டை வச்சு ஒப்பேத்தாதீங்க, அது அகலம் கம்மி. செயினோட ரெண்டு முனையையும் சேக்குற லாக் கிளிப் போடும்போது மூடின பக்கம் செயின் ஓடுற தெசையில இருக்கணும், அதாவது மேல் பக்க செயின்ல பாத்தா முன்னாடி பாத்து. ஆனா ரொம்ப தேஞ்ச செயின்ல புது லிங்க் சேக்குறது வேஸ்ட். ஸ்கேல் வச்சு ஒரு பின் நடுவுல இருந்து, அதை விட்டுட்டு எண்ணி 24-வது பின் நடு வரைக்கும் அளந்து பாருங்க, புதுசுல சரியா 12 இன்ச், அது 12 இன்ச்சுக்கு மேல ஒரு நூல் வந்துட்டா செயினையே மாத்திடுங்க, ஃப்ரீவீல் பல்லும் கூரா ஆயிருந்தா அதையும் சேத்து.

எண்ணெய்னா தையல் மெஷின் எண்ணெய் போதும், ஒவ்வொரு லிங்க்லயும் ஒரு சொட்டு விட்டு, சுத்தி விட்டு, மேல இருக்குறதை துணியால தொடச்சிடுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம், மார்கழி குளிர்ல உறைஞ்சு அழுக்கோட சேந்து பிசுபிசுன்னு ஆயிடும். ஒரு நாள் ஓட்டிட்டு ஆக்ஸில் நட்டை மட்டும் திரும்ப ஒரு தடவை ஸ்பேனர் போட்டு பாத்துக்கோங்க.