பிரேக் கத்துதா? பேட மாத்துததுக்கு முன்னால எப்ப கத்துதுன்னு கேளுங்க

"அண்ணாச்சி, கார் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துது, பேடு மாத்திரவா?"ன்னு தெருவுல யாராவது கேட்டா நான் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், எப்ப கத்துது? காலையில எடுத்ததும் மட்டுமா, பைய நிப்பாட்டும்போதா, பிரேக்ல காலே வைக்காம ஓடும்போதா, இல்ல மிதிச்சா கரகரன்னு ஒரையுதா? நாலுக்கும் நாலு காரணம், நாலுக்குமே பேடு மாத்துததுதான் மருந்துன்னு கெடையாது. பேடுங்கது வீலோட சேந்து சுத்துத டிஸ்க்ங்குத தட்ட ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்குத கட்டை. நான் மெக்கானிக் இல்ல, பாளையங்கோட்டையில வீட்டு வாசல்ல ஜாக்கி போட்டு சொந்த வண்டிய நானே கழட்டி மாட்டுத ஆளு, அவ்ளோதான்.

மொதல்ல காலைச் சத்தம். டிஸ்க் வார்ப்பிரும்புலா, ராத்திரி மழையோ பனியோ விழுந்தா இல்ல சாயங்காலம் வண்டிய கழுவி அப்படியே நிப்பாட்டுனா விடியுததுக்குள்ள மேல லேசா துரு படிஞ்சிரும். நாலஞ்சு தடவ பிரேக் அடிச்சா அந்தத் துருவ பேடே தேச்சு எடுத்துரும், சத்தமும் போயிரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில எல்லாருக்கும் வரும், உவரி, திருச்செந்தூர் பக்கம் கடக்கரை ஓரமா வண்டி போடுதவங்களுக்கு உப்புக்காத்துல இன்னும் வெரசா வரும். இதுக்கு ஒரு பைசா செலவழிக்காதீங்க.

சத்தம் எந்த வீல்ல இருந்து வருதுன்னு தெரியலன்னா, ஏதாவது நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமா கண்ணாடிய எறக்கிவிட்டு 20 வேகத்துல போங்க, சுவத்துல பட்டு சத்தம் அப்படியே காதுக்குள்ள வரும். அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு ரெண்டு தடவ போனா எந்தப் பக்கம்னு புடிச்சிரலாம். ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்து நிப்பாட்டி ஒவ்வொரு ரிம்முக்குப் பக்கத்துலயும் கைய கொண்டு போய்ப் பாருங்க, தொடாதீங்க, கிட்ட கொண்டு போனாலே போதும், ஒரு வீல் மட்டும் அனலடிச்சா அங்க பிரேக் விடாம புடிச்சிட்டே இருக்குன்னு அர்த்தம்.

பிரேக்ல கால் வைக்காதப்பவும் கீய்ய்ன்னு ஓடிட்டே இருக்கு, பிரேக்க தொட்டா நின்னுரும் இல்ல மாறுதுன்னா அது பேடு அடிக்கிற மணி. நெறைய பேடுல சின்னதா ஒரு தகடு வளைச்சு வச்சிருப்பான், லைனிங் (பேடுல டிஸ்க்க ஒரசுத பாகம்) தேஞ்சு 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்ல ஒரசும். புது பேடுல லைனிங் சுமாரா 10 மில்லிமீட்டர் இருக்கும், 3க்கு கீழ வந்தா மாத்திருங்க, ஒரு பக்கம் மட்டும் இல்ல, ரெண்டு முன் வீலுக்கும் சேத்து. ரிம் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "தடியாத்தான இருக்கு"ன்னு விட்டுராதீங்க, உங்களுக்குத் தெரியுதது வெளிப்பேடு, உள்பேடு பெரும்பாலும் அத விட தேஞ்சிருக்கும்.

இதே மாதிரி விடாம வார சத்தத்துக்கு இன்னொரு காரணம் கல்லு. டிஸ்க்குக்குப் பின்னால ஒரு தகரம் இருக்கும்லா, அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு பொடிக்கல்லு மாட்டிக்கிட்டா உலகமே இடியுத மாதிரி சத்தம் வரும். மாஞ்சோலை ரோட்டுல போயிட்டு வந்த அன்னைக்கு எனக்கு அப்படித்தான், பயந்துட்டேன். ரிவர்ஸ்ல பத்தடி போனேன், டிங்குன்னு விழுந்துச்சு. விழலன்னா வீல கழட்டி தகரத்த வெரலால லேசா வளைச்சுவிட்டா போதும்.

இப்ப முக்கியமான சத்தம். பேடு நல்லா இருக்கு, டிஸ்க் நல்லா இருக்கு, ஆனா திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு பாலத்துல டிராபிக்ல ஊந்து போய் பைய பிரேக் அடிக்கும்போது ஊரே திரும்பிப் பாக்குத மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம். இது தேய்மானம் இல்ல, அதிர்வு. பேடு டிஸ்க்க புடிச்சு புடிச்சு விடுத வேகத்துல துடிக்குது, அந்தத் துடிப்ப அமுக்க வேண்டிய கிரீஸ் காஞ்சு போச்சு, இல்ல பேட எடத்துல புடிச்சு வைக்குத கிளிப்பு லூஸு, இல்ல பேடு மேல்புறம் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. ஒரு பட்டறையில எனக்கு ரெண்டு தடவ பேடு மாத்திவிட்டாங்க, ரெண்டு தடவையும் ஒரே மாசத்துல திரும்ப கத்துச்சு, கடைசியில நானே கழட்டிப் பாத்தா காலிபர் (பேட டிஸ்க்ல அமுக்குத கவ்வி) நகந்து வாரதுக்கு இருக்குத பின்னு ரெண்டும் காஞ்ச வெறகு மாதிரி கெடக்கு. 50 ரூவா கிரீஸு போட வேண்டிய வேல.

செய்யுத மொற சொல்லுதேன். சமதரையில நிப்பாட்டி, முதல் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் வீலுக்கு கல்லு கொடுங்க. வீல் நட்ட ஜாக்கி போடுததுக்கு முன்னாலயே லூஸ் பண்ணிரணும், தூக்குன பொறவு முக்குனா வண்டி சரியும். ஜாக்கிய மட்டும் நம்பி கைய உள்ள விடாதீங்க, ஸ்டாண்டு குடுங்க, கழட்டுன வீலயும் வண்டிக்கு அடியில தள்ளி வைங்க. காலிபரோட பின்பக்கம் ரெண்டு போல்ட் இருக்கும், ரெண்டையும் கழட்டி காலிபர வண்டி ஸ்பிரிங்ல கம்பி வச்சு கட்டித் தொங்கவிடுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்கவிட்டா ஹோஸு உள்ளுக்குள்ள கிழிஞ்சிரும். இப்ப அந்தக் காலிபர் பின்னு ரெண்டையும் உருவிப் பாருங்க, வெண்ணெயில கத்தி போகுத மாதிரி போய் வரணும். இழுத்தா வரலன்னா உங்க சத்தத்துக்கு ஆளு அதுதான். உள்பேடு தேஞ்சு வெளிப்பேடு தடியா இருக்குதா, அதுவும் இதே பின்னுக்குத்தான் சாட்சி.

பழைய கிரீஸ தொடச்சு பிரேக் கிளீனர் அடிச்சு காயவச்சு, பிரேக்குக்குன்னு விக்குத சிலிகான் கிரீஸு மெலிசா தடவுங்க. வீட்டுல கெடக்குத பேரிங் கிரீஸ தடவாதீங்க, பின்ன மூடியிருக்குத ரப்பர் உறை உப்பிப் போயி பின்னு மறுபடியும் புடிச்சிக்கும். பேடோட ரெண்டு முனையிலயும் நீட்டிட்டு இருக்குத காதும் கிளிப்பும் ஒரையுத எடத்துல இருக்குத துருவ கம்பி பிரஷ்ல தேச்சு எடுங்க, பேடு முதுகுலயும் காதுலயும் சூடு தாங்குத கிரீஸு ஒரு துளி. லைனிங் மேலயும் டிஸ்க்லயும் கிரீஸ் கை படவே கூடாது. லைனிங் வழவழன்னு இருந்தா உப்புத்தாள் 120 நம்பர சமமான தரையில வச்சு பேட எட்டு போடுத மாதிரி நாலு சுத்து தேய்ங்க, பளபளப்பு போனா போதும்.

எங்க மாமா ஒருத்தரு சத்தம் தாங்காம டிஸ்க்ல தேங்காண்ணெய் விட்டுட்டாரு. சத்தம் போச்சு, பிரேக்கும் போச்சு, நல்லவேளை தெருமுக்குல வேலில போயி நின்னாரு. எண்ணெய் குடிச்ச பேட கழுவி பிரயோசனமில்ல, தூரப்போடுங்க.

புது பேடு போடுததா இருந்தா காலிபருக்குள்ள பேட தள்ளுத பிஸ்டன உள்ள தள்ளணும். பழைய பேட குறுக்க வச்சு சி கிளாம்ப்ல பைய பைய திருகுங்க, ஒரு கண்ணு மேல பிரேக் ஆயில் டப்பாவுல இருக்கட்டும், நிரம்பி வழிஞ்சு பெயிண்ட்ல பட்டா பெயிண்ட தின்னுரும், அந்தானைக்கு தண்ணி ஊத்தி கழுவிருங்க. கிளாம்ப்புக்கு பிஸ்டன் அசையலன்னா மல்லுக்கட்டாம பட்டறைக்கு கொண்டு போங்க. பின்னாலயும் டிஸ்க் இருக்குத வண்டி, எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வண்டி இதெல்லாம் வேற கத, சிலதுல பிஸ்டன தள்ளக்கூடாது, திருகித்தான் உள்ள அனுப்பணும், அதுல வீட்டுல வச்சு வெளையாட வேண்டாம்.

கரகரன்னு இரும்பு இரும்ப திங்குத சத்தம் கேட்டா இதுல எதையும் படிக்க வேண்டாம், வண்டிய நிப்பாட்டுங்க. லைனிங் முடிஞ்சு பேடோட முதுகுத் தகடு டிஸ்க்க அறுத்துட்டு இருக்கு. டிஸ்க்கோட குறைஞ்சபட்ச தடிமன டிஸ்க்லயே பொறிச்சிருப்பான், அதுக்கு கீழ போனா லேத்துல கடைஞ்சு ஒப்பேத்தக்கூடாது, புதுசுதான்.

பின் வீல் டிரம்முல (டிஸ்க்குக்குப் பதிலா உருளைக்குள்ள ஷூங்குத கட்டை அமுக்குத பிரேக்கு) வார சத்தம் முக்காவாசி தூசிதான், திசையன்விளை தேரி மண்ணு மாதிரி பொடி மணல் ஓட்டம்னா கேக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்துல முங்குன வண்டிகள்ல டிரம்ம தொறக்காம விட்டவங்களுக்கு உள்ள சேறு காஞ்சு ஷூ எல்லாம் ஒட்டிப்போச்சு. டிரம்ம கழட்டுனா வாயால ஊதாதீங்க, காத்தும் அடிக்காதீங்க, பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனர்ல நனைச்சு துணியில தொடைங்க.

எல்லாம் மாட்டுன பொறவு ஸ்டார்ட் பண்ணி கியர் போடுததுக்கு முன்னால பெடல பத்து தடவ மிதிங்க. பிஸ்டன தள்ளுனதால முதல் மிதிக்கு பெடல் அடி வரைக்கும் போவும், அத ரோட்டுல போய் கண்டுபுடிக்கக் கூடாது. அப்புறம் ஆளில்லா ரோட்டுல 60ல இருந்து 10க்கு, நிக்காம, நிதானமா ஒரு பத்து தடவ கொறைங்க, நடுவுல ஆறவிட்டு. சூட்டோட பிரேக்க அமுக்கிட்டே நிக்காதீங்க.

புது பேடு முதல் 200, 300 கிலோமீட்டருக்கு லேசா முனகும், விட்டுருங்க. அதுக்கு மேலயும் கத்துனா கிளிப்ப மாட்டுனியளான்னு பாருங்க. எனக்கு ஒருக்கா அது பழைய பேட சுத்தி வச்ச பேப்பருக்குள்ளயே கெடந்துச்சு.