பழைய பிக்கப்பின் பவர் ஸ்டீயரிங்: எந்த ஆயில் ஊற்றுவது?

ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் பம்ப் முனகியது. பம்புக்கு ஆயில் தரும் டப்பாவில் ஆயில் கறுத்து, கருகல் வாடை. ஆயிலை மாற்றியதும் சத்தம் நின்றது; குழப்பம் எல்லாம் எதை ஊற்றுவது என்பதில்தான்.

முதலில் டப்பா மூடியைப் படியுங்கள். பழைய பிக்கப்புகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். சிலவற்றுக்குத் தனி பவர் ஸ்டீயரிங் ஆயில். எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் கையேடுதான் கதி. நிறத்தை நம்பாதீர்கள். ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்புதான், ஆனால் முன்பு யாரோ தவறாக ஊற்றியதும் அதே சிவப்பாகத்தான் தெரியும். பிரேக் ஆயில் ஒரு சொட்டும் ஆகாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினை அணைத்தே வையுங்கள். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, டப்பாவில் அது மாட்டியிருந்த முனையை அடைக்கவும். ஒருவர் ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்ப, இன்னொருவர் டப்பா வற்றாமல் புது ஆயில் ஊற்ற வேண்டும். தெளிவாக வரும்வரை 1 முதல் 2 லிட்டர் பிடிக்கும்.

ஹோஸை மாட்டியபின், இஞ்சின் ஓடாமலே 15, 20 முறை திருப்பினால் காற்று வெளியேறும். பிறகு ஸ்டார்ட் செய்து அளவு பாருங்கள். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்ப் சூடாகிவிடும். நுரை அடங்கவில்லையா? டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.