கைக்கடிகாரக் கண்ணாடியில் விழுந்த கீறல்: என் அனுபவம்
சாவி கொடுத்து ஓட்டும் என் பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடியில், நகம் வைத்தால் இடறும் அளவுக்கு ஆழமான கீறல் ஒன்று விழுந்திருந்தது. எதையும் தேய்ப்பதற்கு முன், கண்ணாடி எந்த வகை என்று அறிய வேண்டும். நகத்தால் தட்டும்போது மந்தமாக ஒலித்து, தொடும்போது குளிர்ச்சி தெரியாவிட்டால் பெரும்பாலும் அது அக்ரிலிக், அதாவது ஒருவகைத் தெளிந்த பிளாஸ்டிக். கணீரென்று ஒலித்தால் மினரல் கண்ணாடியாகவோ (கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி) சஃபையராகவோ (செயற்கை நீலக்கல் படிகம்) இருக்கலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் 9-ஐத் தொடும் சஃபையரை வீட்டில் மெருகேற்ற முயல்வது வீண் வேலை.

என்னுடையது அக்ரிலிக் என்பதால் துணிந்து இறங்கினேன். உலோக விளிம்பை ஒட்டுநாடாவால் மூடி, உள்ளே நீர் புகாதபடி 2000 எண் கொண்ட மிக நுண்ணிய உப்புத்தாளை லேசாக மட்டும் ஈரமாக்கி, பள்ளம் மறையும்வரை அழுத்தாமல் தேய்த்தேன். அப்போது கண்ணாடி முழுவதும் பால் படிந்ததுபோல் மங்கிவிடும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, முதலில் முட்கள் தெளிந்தன, பிறகு நிமிடக் கோடுகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஒரே இடத்தில் வேகமாகத் தேய்த்தால் சூட்டில் அக்ரிலிக் இளகிவிடும் என்பதால், அவ்வப்போது நிறுத்தி ஆறவிட்டேன்.

விரிசலுக்கு இந்த வழி உதவாது. துகள்கள் உள்ளே விழுந்து முட்களைத் தடுக்கக்கூடும் என்பதால், கடிகாரத்தை அணியாமல் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கண்ணாடியையும் நீர்க்காப்பு வளையத்தையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.